ஸ்டார்ட்டாக்கி நிறுத்தாதீர்கள்

எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலுக்கும் சந்தில் வந்து நிற்கும் காருக்கும் இடையே ஒரு குடையின் நீளம்தான் இருக்கும். பேச்சுக்காகச் சொல்லவில்லை. என் அக்கா ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே குடையை நீட்டிக் காரின் கண்ணாடியைத் தட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

கேரளத்தின் மட்டாஞ்சேரியில், யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனுக்குப் பின்னால் இருக்கும் சந்துகள் கைவண்டிகளை மனதில் வைத்து விடப்பட்டவை. எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு சுக்குக் கிடங்கு, அதன் உயரமான பின்சுவர். அந்தச் சுவரால் பகலின் பெரும்பகுதி எங்கள் சந்து நிழலில் கிடக்கும். அந்த நிழல்தான் வினை. பயணிகளை யூதர்களின் ஜெப ஆலயத்துக்கு அருகே இறக்கிவிட்ட டிரைவர்கள் நிழலைத் தேடி இங்கே வருகிறார்கள். நிழலில் நிறுத்தியவர்கள் கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கலாம். வாங்க மாட்டார்கள். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி, பயணிகள் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்கித் திரும்பும்வரை செல்போன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்புகை எங்கள் ஜன்னல் வழியாக உள்ளே வரும்.

உள்ளே அக்கா இருக்கிறாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை ஒரு மிளகு, சுக்கு வியாபாரியின் கிடங்கு அலுவலகத்தில் இருந்தவள். நுரையீரல் பழுதாகிவிட்டது, இனி சரியாவதற்கில்லை, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடிப்படி ஏற முடியாததால் அவளுடைய கட்டிலைக் கீழே முன்னறைக்குக் கொண்டுவந்தோம். அந்த அறைக்கு ஒரே ஜன்னல். அதைச் சாத்தினால் அவளுக்குப் பயம் வந்துவிடும். "பெட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி இருக்குடி" என்பாள். திறந்தால் புகை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அதன் வழியே வருவது காற்றாக இருக்க வேண்டும். இதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

நான் முதலில் போய்க் கேட்டது, ஏறக்குறைய தினமும் வருகிற ஒரு டிரைவரிடம். பக்கத்தில் தோப்பும்படி ஊர்க்காரர். ஓட்டலில் தங்கும் பயணிகளைத் தன் சொந்த வெள்ளைக் காரில் அழைத்துவருவார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். தமிழ்நாட்டுப் பயணிகளோடு பழகிப் பழகிப் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். நாங்கள் வீட்டில் பேசுவதும் ஏறக்குறைய அப்படித்தான் என்பதால் அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

கண்ணாடியைத் தட்டினேன். பாதி இறக்கினார். குளிர்ந்த காற்று என் முகத்தில் பட்டது.

"உள்ளே சுகமில்லாத ஆள் இருக்காங்க. வண்டியைக் கொஞ்சம் ஓஃபாக்குங்க."

"சேச்சி, ஓஃபாக்கி ஓணாக்கினாத்தான் எஞ்சினுக்குக் கேடு. இது புதிய பெட்ரோல் வண்டியல்லே? வெறுதெ ஓடினா ஒண்ணும் ஆகாது."

நான் அங்கேயே நின்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

இப்போது எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. நான் ஒரு மனுஷியின் மூச்சைப் பற்றிக் கேட்டேன். அவர் எஞ்சினின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பதில் சொன்னார். அதையும் ஆறுதல் சொல்கிற குரலில், நான் அவருடைய காருக்காகக் கவலைப்பட்டு ஓடிவந்ததுபோலச் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ டிரைவர்களிடம் கேட்டிருக்கிறேன். எல்லோரும் இதே பாடத்தைத்தான் ஒப்பித்தார்கள். பழைய வண்டி என்றால் வேறு, புது எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது, அணைத்து அணைத்துப் போட்டால்தான் தேயும். ஒருவர்கூட "உள்ளே யாருக்கு, என்ன சுகமில்லை?" என்று கேட்கவில்லை.

நான் ஒரு மசாலா ஏற்றுமதி நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மிளகில் ஈரம் எவ்வளவு, தூசு எவ்வளவு, கலப்படம் உண்டா என்று பார்ப்பது என் வேலை. ஒருவர் "ஒன்றும் ஆகாது" என்றால் எதை அளந்து சொல்கிறார் என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக எங்களிடமும் ஒரு சின்ன பெட்ரோல் கார் இருக்கிறது. அதைச் சர்வீசுக்கு விட்ட அன்று அங்கேயே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

வரவேற்பில் இருந்தவர், "இப்போதைய எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது மேடம்" என்றார். அவருக்கு மேலே இருந்தவர், "ஐயோ, ரொம்பக் கெடுதல். உடனே ஆயில் மாத்தணும்" என்றார். மூன்றாமவர் இரண்டையும் கேட்டுவிட்டு, எஞ்சினின் உள்ளே சுத்தம் செய்யும் ஒரு திரவம் இருக்கிறது, ஊற்றிவிடலாமா என்றார். ஒரே கூரையின் கீழ், ஒரே சட்டை போட்ட மூன்று பேர், மூன்று பதில். எங்கள் கூடத்தில் ஒரே மூட்டை மிளகுக்கு மூன்று முடிவு எழுதினால் மூன்று பேரையும் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள். இங்கே எனக்குச் சாயா கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து காரோடு கொடுத்த கையேட்டை எடுத்துப் படித்தேன். வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. பிறகு விஷயம் தெரிந்த சிலரிடம் கேட்டேன், கொஞ்சம் தேடிப் படித்தேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

டிரைவர்கள் சொல்வதில் பாதி உண்மை. சூடேறிய நல்ல எஞ்சின் ஓரிடத்தில் நின்று கொஞ்ச நேரம் ஓடினால் தேய்ந்துவிடாது. அதன்மேல் பாரம் இல்லை, ஆயில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் மீதிப் பாதி பொய். சூடான எஞ்சினை அணைத்துவிட்டுச் சற்று நேரத்தில் மறுபடி கிளப்புவதால் அது கெடுவதில்லை. சிக்னலில் நின்றதும் தானே அணைந்து தானே கிளம்பும் கார்களையே இப்போது விற்கிறார்கள். தேய்மானம் அதிகம் நேர்வது, இரவெல்லாம் ஆறிக் கிடந்த எஞ்சினை முதல்முதலாகக் கிளப்பும்போதுதான். நின்றபடி ஓடுவதால் வரும் கெடுதல் வேறு வகை. அது மெதுவாக வரும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல் ஓடினால் எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். ஆயில் உழைத்துக் களைத்துப்போகும், ஆனால் கார் நகராததால் கிலோமீட்டர் காட்டும் கருவி ஏறாது. டிரைவர் அந்தக் கருவியைப் பார்த்துத்தான் ஆயில் மாற்றுகிறார். எண் சொல்வதைவிட ஆயில் கிழடாகியிருக்கும். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் அப்போது தேயும். நின்றபடியே நிறைய ஓடும் வண்டிக்குச் சீக்கிரமே ஆயில் மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கிறது.

ஆக, தேயுமா? பத்து நிமிடம் நின்று ஓடுவதால் தேயாது. நாள் தவறாமல் அப்படிச் செய்து, ஆயிலையும் கவனிக்காமல் விட்டால் தேயும். இதுதான் சரியான விடை. ஆனால் இந்த விடையை வைத்துக்கொண்டு ஒரு காரைக்கூட அணைக்கவைக்க முடியாது என்பதையும் அன்றே புரிந்துகொண்டேன். யார் இவ்வளவு நேரம் நின்று கேட்கப் போகிறார்கள்?

ஆனாலும் தோப்பும்படிக்காரரை நான் விடவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது கூடத்திலிருந்து கொண்டுவந்த வடிதாள் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி ஒரு சொட்டு விடச் சொன்னேன். என்ன தோன்றியதோ, இறங்கி பானெட்டைத் திறந்தார். எங்கள் காரின் ஆயிலையும் ஒரு சொட்டு வேறொரு தாளில் விட்டேன். எங்களுடையது பழுப்பாகப் பரவியது. அவருடையது கறுப்பு. முகர்ந்தால் பெட்ரோல் வாடை.

"பார்த்தீங்களா?" என்றேன்.

"கறுப்பானா நல்ல ஆயில் சேச்சி. உள்ளே இருக்கிற அழுக்கையெல்லாம் அது எடுக்குதுன்னு அர்த்தம்."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஏனென்றால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆயில் கறுப்பது அதன் வேலையைச் செய்ததால்தான். ஒரு சொட்டு ஆயிலின் நிறத்தை வைத்து எஞ்சின் தேய்ந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் தாளை மடித்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "என்னடி, காருக்கு ரத்தப் பரிசோதனை முடிஞ்சுதா? சர்க்கரை இருக்கா?"

"சிரிக்காதே அக்கா."

"எனக்கு எடுத்த ரத்தத்தைவிட அக்கறையா எடுத்தியே, அதான் கேட்டேன்."

பிறகு எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எங்களைப் போலவே மூன்று நான்கு தலைமுறைக்கு முன் இங்கே வந்த தமிழ்க் குடும்பம். நல்ல மனிதர்தான், அவசரக்காரர். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் தீர்வு கண்டுபிடித்துவிட்டார்.

"ஒரு போர்டு வைப்போம் அக்கா. 'எஞ்சின் கேடாகும், ஓஃபாக்குங்கள்'னு எழுதுவோம். அதைப் பார்த்தா அவன் ஓஃபாக்காம போவானா?"

"கேடாகாதே. பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஆகாது."

"அது அவனுக்குத் தெரியாதில்ல?"

"அவனுக்குத்தான் நல்லாத் தெரியும். அதைத்தானே எல்லாரும் என்கிட்ட சொல்றாங்க. முதல் வரியே பொய்னு பார்த்தா மீதியை எவன் மதிப்பான்? மூச்சு முட்டுற ஆள் உள்ளே இருக்குன்னு எழுதுங்க. அதுதான் உண்மை."

"அக்கா, மூச்சுன்னு எழுதினா யார் வாயிப்பா, யார் படிப்பா? கார்க்காரனுக்குக் காரைப் பத்திச் சொன்னாத்தான் ஏறும்."

அவர் சொன்னது நடக்கக்கூடிய விஷயம் என்பதுதான் என்னை மேலும் கொதிக்கவைத்தது. உலோகத்துக்கு வலிக்கும் என்றால் ஓடிவருவார்கள், மனுஷிக்கு வலிக்கும் என்றால் படிக்கக்கூட மாட்டார்கள். இதை அவர் உலக நடப்பு மாதிரி சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அக்காவிடம் சொன்னேன். அவள் எனக்கு எதிராகப் பேசினாள். அதுவும் இரண்டு பக்கமிருந்தும்.

"என் மூச்சைவிட எஞ்சினோட மானம் உனக்குப் பெருசா? எஞ்சின் பொட்டிப்போகும், வெடிச்சுப்போகும்னு எழுதட்டுமே. நான் காத்து வாங்கிக்குவேன்."

"பொய் எழுதச் சொல்றியா?"

"பின்னே என்னை எழுதப் போறியா? 'இங்கே நோயாளி இருக்கிறாள்'னு? வேண்டாம்டி. இந்தத் தெரு பூரா பழைய சாமானுக்குத்தான் போர்டு தொங்குது. அதோட சேர்த்து என்னையும் மாட்டாதே. வெள்ளைக்காரன் வந்து போட்டோ எடுத்து, என்ன விலைன்னு கேட்பான்."

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் அவள் உறுதியாக இருந்தாள். தன் நுரையீரல் சுவரில் எழுதப்படுவதை அவள் விரும்பவில்லை. அதை மீற எனக்கு மனமில்லை. எஞ்சின் கெடும் என்று எழுத நான் விடமாட்டேன். அக்காவைப் பற்றி எழுத அக்கா விடமாட்டாள். மிஞ்சியது ஒரு வெறும் உத்தரவு. காரணம் எதுவும் சொல்லாமல், வண்டியை ஓடவிட்டு வைக்காதீர்கள் என்று மட்டும் எழுதுவது என்று சங்கத்தில் முடிவானது. மலையாளத்தில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, கோயம்புத்தூர், மதுரைப் பக்கமிருந்து வரும் வேன்களுக்காகத் தமிழில் ஒரு வரி. தமிழ் வரியை நான் பார்த்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். "இதுல பார்க்க என்ன இருக்கு?" என்று செயலாளர் தானே எழுதிக் கொடுத்து, நான் வேலையில் இருந்த ஒரு பகலில் போர்டைச் சுக்குக் கிடங்கின் சுவரில் அடித்தும் விட்டார்.

மாலையில் வந்தபோது வெளிச்சம் குறைந்திருந்தது. மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. இருக்கிறதே என்ற நிம்மதியில் சரியாகப் படிக்காமல் உள்ளே போனேன்.

அந்த வாரம் விடுமுறை நாளில், காலை பதினொரு மணி வாக்கில், ஒரு தமிழ்நாட்டு வேன் வந்து நின்றது. பயணிகள் இறங்கிப் போனார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அக்கா இருமும் சத்தம் கேட்டது. பிறகு ஜன்னல் கதவைச் சாத்தும் சத்தம். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

டிரைவர் ஐம்பது வயதுக்காரர், நெற்றியில் விபூதி. வேனை விட்டு இறங்கி, போர்டுக்குக் கீழேயே, கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு வண்டியை ஓடவிட்டிருக்கீங்க? போர்டைப் பார்க்கலையா?"

"பார்த்தேனே மேடம். பார்த்துட்டுத்தான் விட்டு வச்சிருக்கேன்."

"என்னது?"

"நீங்கதானே போட்டிருக்கீங்க." கையை உயர்த்திக் காட்டி, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல உரக்கப் படித்தார். "'வண்டியை ஸ்டார்ட்டாக்கி நிறுத்தாதீர்கள்.' சரி, ஸ்டார்ட் பண்ணியாச்சு. நிறுத்தாதீங்கன்னு சொல்றீங்க. நானும் யோசிச்சேன், என்னடா இது, புதுசா இருக்கேன்னு. சந்து சின்னது, எப்ப வேணா எடுக்கச் சொல்வாங்களோ என்னமோன்னு ஓடவிட்டேன். டீசலா கரியுது மேடம், எனக்கு மட்டும் ஆசையா?"

நான் போர்டை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். அவர் படித்தது சரி. எழுத்துக்கு எழுத்து சரி.

செயலாளர் மனதில் இருந்தது மலையாள வாக்கியம். மலையாளத்தில் வண்டியை ஸ்டார்ட்டாக்கி நிறுத்துவது என்றால், எஞ்சினைக் கிளப்பி அப்படியே நிற்கவைத்திருப்பது. அதைச் செய்யாதீர்கள் என்று அங்கே மேல்வரி சொல்கிறது. எங்கள் வீடுகளிலும் நாங்கள் அப்படியே பேசுவோம், எங்களுக்குள் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஆனால் அதே சொற்களை மதுரைக்காரர் படித்தால் ஒரே அர்த்தம்தான்: கிளப்பிய பிறகு அணைக்காதே. எஞ்சினை அணைக்கச் சொல்வதற்காக நாங்கள் வைத்த பலகை, எஞ்சினை அணைக்காதே என்று தமிழ்நாட்டுக்கே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க எத்தனை வேன்கள் அதற்குக் கீழ்ப்படிந்து நின்றனவோ! இத்தனை நாளில் எங்கள் சொல்லை மதித்து நடந்த முதல் டிரைவர் இவர்தான், அவரும் இப்படி.

"தப்பா எழுதிட்டாங்க," என்றேன். "அணைங்க. தயவுசெய்து அணைங்க."

உடனே ஏறி அணைத்தார். "நல்லவேளை சொன்னீங்க. கேரளாவுல இப்படி ஒரு சட்டம் போல இருக்குன்னு நம்ம ஆளுங்களுக்கெல்லாம் வாட்ஸப் போடலாம்னு இருந்தேன்."

உள்ளே அக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நெடுநாளாக நான் கேட்காத சிரிப்பு. "ஸ்டார்ட்டாக்கி நிறுத்தாதீங்கோ..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. முகம் கறுத்து, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். மருந்தை வாயில் வைத்து இழுக்கவைத்து, முதுகைத் தடவி, மூச்சு தன் இடத்துக்கு வர வெகுநேரம் ஆயிற்று. ஒரு சிரிப்புக்கு இந்தத் தண்டனை. அந்தச் சமயத்தில் யாராவது என்னிடம் எஞ்சின் தேயுமா என்று கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அன்று மாலையே செயலாளர் கடைக்குப் போனேன்.

"அக்கா, நம்ம பாஷையில சரியாத்தானே இருக்கு?"

"நம்ம பாஷை நம்ம வீட்டுக்குள்ள. சுவர்ல எழுதறது படிக்க வர்றவனுக்கு. 'எஞ்சினை அணைக்கவும்.' ரெண்டே வார்த்தை. அதை எழுத உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"அடுத்த கூட்டத்துல வச்சுப் பாஸாக்கி..."

"ஜன்னலுக்குள்ள இருக்கிறவங்களை அடுத்த கூட்டம் வரைக்கும் மூச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லவா?"

கடையில் சாமான் வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. அவர் உள்ளே போய் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டும் ஒரு டப்பா கறுப்பும் எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். மறுநாள் விடிந்ததும் ஸ்டூல் போட்டு ஏறித் தமிழ் வரியை அழித்து நானே எழுதினேன். என் தமிழ் எழுத்து அழகில்லை, பள்ளியில் மலையாளம் படித்தவள். ஆனால் கோணலாக இருந்தாலும் எழுதியதற்கு ஒரே அர்த்தம்தான்.

அதற்குப் பிறகு நிலைமை மாறியதா என்றால், கொஞ்சம். படிப்பவர்கள் அணைக்கிறார்கள். படிக்காதவர்களுக்காக அக்கா குடையை எடுத்துக்கொண்டாள். எனக்குத் தெரியாமல் நாற்காலியை ஜன்னலோடு ஒட்டிப் போட்டிருக்கிறாள். வண்டி நின்று ஓடினால் குடைப்பிடியால் கண்ணாடியைத் தட்டுவாள். கண்ணாடி இறங்கியதும் "மோனே, ஓஃபாக்கு" என்பாள். போர்டில் தன்னைப் போடக் கூடாது என்றவள் தானே போய் உட்கார்ந்துகொண்டாள். கேட்டால், "அது வேற. சுவர்ல இருக்கிறது என் சீக்கு. இங்க இருக்கிறது நான்" என்றாள்.

பெரும்பாலானவர்கள் கேட்டுவிடுகிறார்கள். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் அவள் எழுந்து, குடையை நீட்டி, குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது. காற்றைக் கேட்பதற்கே அவளிடம் இருக்கும் காற்று செலவாகிறது.

போன வாரம் ஒருநாள் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். சந்து முனையிலிருந்தே பழக்கமான வெள்ளைக் கார் தெரிந்தது. தோப்பும்படிக்காரர். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி முழுதும் இறங்கியிருந்தது. அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஏதோ வாக்குவாதம். அக்காவின் முறை போலும், ஆனால் பேச மூச்சு போதவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்ததும் நீயே பேசு என்பதுபோலக் கையைக் காட்டினாள்.

"ஓஃபாக்கினா என்ன?" என்றேன்.

"கெஸ்ட் வந்து வண்டியில கேறும்போ உள்ளே சூடாயிருந்தா ரேட்டிங்ல ஸ்டார் குறைப்பாங்க சேச்சி. சேச்சிக்கு அது தெரியுமா?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு அந்தத் தாள்ல ஆயில் விட்டீங்களே. அதுக்கப்புறம் எனக்கு மனசுல ஒரு பேடி, ஒரு பயம். சத்தியம் சொல்லுங்க. இப்படி ஓடினா என் எஞ்சின் தேயுமா?"

முதல்முறையாக ஒருவர் உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அவர் கண்ணில் பயம் இருந்தது. கார் அவருடைய சொந்தம், அதை நம்பித்தான் வீடு நடக்கிறது. 'தேயும், பொட்டிப்போகும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த நிமிடமே அணைப்பார். தோப்பும்படி ஸ்டாண்டு முழுக்கப் போய்ச் சொல்வார். ஜன்னலுக்குள்ளிருந்து அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லேன்டி என்று அவள் புருவம் சொன்னது.

"பத்து நிமிஷம் நின்னு ஓடினா தேயாது," என்றேன். "தினம் இப்படி நிக்கறதால ஆயில் சீக்கிரம் கெடும். கிலோமீட்டரைப் பார்க்காம முன்னாடியே மாத்திடுங்க. மாத்தினா உங்க எஞ்சினுக்கு ஒண்ணும் வராது. தேயறது எங்க அக்கா. அவளுக்கு மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கம்பிக்குப் பின்னால் இருந்தவளை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார்.

அக்கா மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள்: "பொய் சொல்றா மோனே. நான் எங்க தேயறேன்? ஸ்டீராய்டு தின்னு தின்னு தடிச்சுக்கிட்டுல்ல போறேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவியைத் திருப்பினார். எஞ்சின் நின்றது. கிடங்குக்குள் யாரோ சுக்கைப் புடைக்கும் சத்தம் அதன் பிறகுதான் காதில் விழுந்தது. அவர் மற்றக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிக்கொண்டார். "வேர்க்குது அம்மே" என்றார்.

"எனக்கும்தான்," என்றாள் அக்கா. "அதுக்குத்தானே ஜன்னல்."

நான் பையை உள்ளே வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் சந்து முனையில் இன்னொரு வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. வந்தது, நின்றது, ஓடிக்கொண்டே இருந்தது. முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு, அவள் குடையை எடுப்பதற்கு முன் வாசலுக்குப் போனேன்.